தூண் போனது, கல் இருக்கிறது

யோக்யகர்த்தா நகரின் தென்கிழக்கு ஓரத்தில் கோத்தகெடே என்று ஓர் ஊர் இருக்கிறது. வெள்ளி வேலைக்குப் பேர்போனது. சந்தையைத் தாண்டித் தெற்கே நடந்தால் 'அலுன்-அலுன்' என்ற பகுதி வரும். ஜாவாவில் அலுன்-அலுன் என்றால் அரண்மனைக்கு முன்னால் விட்டிருக்கும் பெருந்திடல். மன்னர் காட்சி தருவது அங்கே. படை அணிவகுப்பது அங்கே. முறையிட வந்த குடிகள் அரசர் கண்ணில் படும்வரை வெயிலில் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். கோத்தகெடேயின் அலுன்-அலுனில் திடல் இல்லை. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிறது. எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகள். இன்னும் தெற்கே போனால் 'தாலெம்'. அரசர் குடியிருந்த உள்வீடு என்று பொருள். அங்கே அரண்மனை இல்லை. மர நிழலில் ஒரு சின்னக் கட்டடம், அதற்குள் கரிய பலகைக் கல் ஒன்று. வாத்து கிலாங் என்பது அதன் பெயர். மத்தாராம் அரசை நிறுவிய பனெம்பாகன் செனொபாத்தியின் இருக்கை அது என்கிறார்கள்.

அந்தக் கல்லுக்கு ஒரு கதை உண்டு. மங்கிர் என்ற ஊரின் தலைவர் செனொபாத்திக்கு அடங்க மறுத்தார். செனொபாத்தி தன் மகளையே ஆடல் மகளாக வேடமிட்டு அனுப்பினார். இருவரும் மணம் செய்துகொண்டார்கள். மாமனாரை வணங்க வந்த மருமகன் குனிந்தபோது, அவர் தலையை இந்தக் கல்லில் மோதிக் கொன்றார் அரசர். கோத்தகெடே அரச இடுகாட்டில் மங்கிர் தலைவரின் சமாதி பாதி மதிலுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கிறது. மருமகன் என்பதால் உள்ளே, பகைவன் என்பதால் வெளியே. ஒரு நாட்டின் அரசியல் முழுவதையும் ஒரு சமாதியில் சொல்லிவிட முடியும் என்பதை அங்கேதான் பார்க்கலாம்.

அதே கல்லில், பின்னாளில் வந்த யாரோ ஓர் ஐரோப்பியர் லத்தீன், பிரெஞ்சு, டச்சு, இத்தாலியம் என்று நான்கு மொழிகளில் ஒரே வாசகத்தை வெட்டி வைத்திருக்கிறார். உலகம் இப்படித்தான் போகிறது என்பது அதன் பொருள். அரசர் போய், அரண்மனை போய், திடலில் வீடுகள் முளைத்த பிறகு அங்கே வந்து நிற்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த வாசகத்தை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உலகம் இப்படித்தான் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். ஜாவாவின் அரண்மனைகள் ஒவ்வொன்றும் எப்படிப் போயின, யார் கையால் போயின என்று சொல்ல முடியும். சில இன்னும் போய்க்கொண்டிருக்கின்றன. நம் காலத்தில், பட்டப்பகலில்.

முதலில், அரசர்களே விட்டுப்போன கதை. அரண்மனைக்கு ஜாவா மொழியில் கெராத்தோன் என்று பெயர். 'ராத்து' என்றால் ஆள்பவர்; ராத்து இருக்கும் இடம் கெராத்தோன். சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. ஆள்பவர் எழுந்து போய்விட்டால் அங்கே எஞ்சுவது மரமும் செங்கல்லும்தான். செனொபாத்தி 1601இல் இறந்தார். அவருடைய பேரன் சுல்தான் அகுங், ஜாவாவின் பெரும்பகுதியைத் தன்கீழ் கொண்டுவந்தவர், கோத்தகெடேயை விட்டுத் தெற்கே கெர்த்தா என்ற இடத்தில் மரத்தால் அரண்மனை கட்டிக்கொண்டார். அவர் மகன் முதலாம் அமங்குராத் அப்பாவின் வீட்டில் இருக்க விரும்பவில்லை. குடிகளைச் செங்கல் அறுக்கச் சொல்லி, 1647இல் பக்கத்திலேயே ப்ளெரெட்டுக்குப் போனார். ஆற்றை மறித்து அரண்மனையைச் சுற்றி ஏரி வெட்ட வைத்தார். கடலைச் செய்தல் என்று பொருள்படும் செகாராயசா என்பது அந்த நீர்நிலையின் பெயர். தண்ணீர் நடுவே தீவுபோல் இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணியிருக்கலாம். ஆயிரக்கணக்கான மார்க்க அறிஞர்களைக் கொன்றவர் என்று டச்சுக் கம்பெனித் தூதுவர்கள் எழுதிவைத்திருக்கும் மன்னர் அவர். அச்சம் யாருக்கு இல்லாவிட்டாலும் அவருக்கு இருந்திருக்கும்.

ஏரி காப்பாற்றவில்லை. 1677இல் மதுரா தீவின் இளவரசர் துருனஜயாவின் படை ப்ளெரெட்டைப் பிடித்துக் கருவூலத்தை அள்ளிக்கொண்டு போனது. ஓடிய மன்னர் வழியிலேயே தெகால் பக்கம் இறந்தார். அவர் மகன் இரண்டாம் அமங்குராத் டச்சுக்காரர் துணையோடு நாட்டை மீட்டார்; ஆனால் ப்ளெரெட்டில் அதற்குள் தம்பி உட்கார்ந்துகொண்டு இடம் தரவில்லை. 1680இல் வடகிழக்கே காட்டைத் திருத்திக் கர்த்தசுராவை எழுப்பினார். அதுவும் 62 ஆண்டுகள்தான். 1740இல் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) டச்சுக்காரர் நடத்திய சீனர் படுகொலையிலிருந்து மூண்ட போர் ஜாவா முழுதும் பரவி, 1742 ஜூன் 30 அன்று சீனரும் ஜாவானியரும் சேர்ந்த கலகப்படை கர்த்தசுராவுக்குள் புகுந்தது. மன்னர் இரண்டாம் பாகுபுவனா பின்வாசல் வழியாகத் தப்பி ஓடினார்.

அந்த ஆண்டு இறுதியிலேயே அவர் திரும்பி வந்துவிட்டார். ஆனால் அந்த வீட்டில் அவரால் வாழ முடியவில்லை. பகைவன் கால் பட்ட அரண்மனையில் 'வஹ்யு' தங்காது என்பது ஜாவானிய நம்பிக்கை. வஹ்யு என்றால் அரசனாக ஒருவரைத் தேர்ந்து இறங்கும் ஒளி. ஒளி போன இடத்தில் கூரையை எத்தனை முறை மாற்றி வேய்ந்தாலும் அது கெராத்தோன் ஆகாது. ஆகவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கே, சோலோ ஆற்றோரம் சதுப்பு நிலத்தில் இருந்த சாலா என்ற சிற்றூரைத் தேர்ந்தார்கள். 1745 பிப்ரவரி 17 அன்று அரண்மனை நடந்து போனது. நான் உவமையாகச் சொல்லவில்லை. ஆலின் இனமான வரிங்கின் கன்றுகள் இரண்டு முன்னே போயின, புதிய திடலில் நடுவதற்கு. அரசர் அமரும் மரமண்டபம் ஒன்றைக் கழற்றிச் சுமந்துகொண்டு போனார்கள். யானைகள், வாள்களும் ஈட்டிகளுமான குலப்பொருள்கள், ஏடுகள், இசைக்கருவிகள், அரசியர், படைவீரர், எழுத்தர், சமையலாட்கள் என்று வரிசை நீண்டது. சாலா அன்று சுரகர்த்தா ஆனது. பின்னால் விடப்பட்ட கர்த்தசுரா அன்றே வெறும் ஊராயிற்று. 1755 பிப்ரவரி 13இல் கியாந்தி உடன்படிக்கை நாட்டை இரண்டாகப் பிளந்து யோக்யகர்த்தா அரண்மனைக்கு வழிவிட்டது வேறு கதை.

இப்படி எடுத்துக்கொண்டு போகும் மரபுக்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஜாவாவில் தெய்வத்தின் வீடு கல். அரசனின் வீடு மரம். பொரோபுதூர் நிற்கிறது, பிரம்பானான் நிற்கிறது. பொரோபுதூரை எழுப்பிய சைலேந்திரர் எந்த மண்டபத்தில் உட்கார்ந்து ஆணையிட்டார்கள் என்று இன்றுவரை யாராலும் கைகாட்ட முடிந்ததில்லை.

பிரம்பானானுக்குத் தெற்கே, ஏறக்குறைய 196 மீட்டர் உயரக் குன்றின்மேல் இருக்கும் ராத்து போகோவைப் பார்த்தால் இது கண்ணுக்கு விளங்கும். முதலில் மூன்று வாசல் கொண்ட கல் நுழைவாயில், அதையடுத்து ஐந்து வாசல் கொண்ட இன்னொன்று. உள்ளே நடந்தால் மதிலால் சூழப்பட்ட பரந்த கல்மேடை. மேடையில் வரிசை வரிசையாகக் கற்கள், தூண் நிற்பதற்கு. தூண் ஒன்றுகூட இல்லை. இந்தத் தாங்குகல்லை ஜாவானியர் 'உம்பாக்' என்பார்கள். மரத்தூண் ஈரம் உறிஞ்சிச் செல்லரிக்காமல் இருக்கத் தரைக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் கல் அது. நான்கு பக்கமும் திறந்த மண்டபத்தை அவர்கள் பெண்டொப்போ என்கிறார்கள். நம் 'மண்டபம்' வந்த அதே வடசொல்லின் வழிவந்த பெயர். பெண்டொப்போவின் கூரையைத் தாங்கும் நடுத்தூண்கள் நான்குக்கும் அடியில் உம்பாக் இருந்தே தீரும். ஆயிரத்து இருநூறு ஆண்டு மழையில் தேக்கும் ஓடும் போய்விட்டன. உம்பாக் மட்டும், எதையோ சுமக்கக் காத்திருப்பதுபோல், அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் குன்றுக்கு இலங்கையோடு நேரான தொடர்பு உண்டு. 792ஆம் ஆண்டுக் கல்வெட்டு இங்கே அபயகிரி விகாரை இருந்ததையும், அதில் சிங்களத் துறவிகளின் தொடர்பையும் சொல்கிறது. அனுராதபுரத்து அபயகிரியின் கிளை ஒன்று ஜாவாக் குன்றில் இருந்திருக்கிறது. அறுபது எழுபது ஆண்டுகளுக்குள் குன்று கைமாறிவிட்டது. 856ஐ ஒட்டிய கல்வெட்டுகளில் கும்பயோனி என்பவர் லிங்கங்களை நிறுவுகிறார். கும்பயோனி, நாம் குறுமுனி என்று அறிந்த அகத்தியரின் பெயர். விகாரையாக இருந்த இடம் தலைவர் ஒருவரின் இருப்பிடமாகி, பின்பு யாருமற்றுப் போய், கடைசியில் ஊர்க்கதையில் போகோ மன்னனின் அரண்மனையாக நிலைத்துவிட்டது.

இப்போது கிழக்கு ஜாவாவுக்கு. மோஜொகெர்த்தோ மாவட்டத்தில் இருக்கும் ட்ரொவுலானைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். 1293இல் ராடென் விஜயா நிறுவிய மஜபாகித் பேரரசின் தலைநகர் அது. ஹயாம் வுரூக் ஆண்ட காலத்தில் (1350–1389), அமைச்சர் கஜ மதாவின் கையால் வளர்ந்து, தீவுக்கடல் முழுதும் பேர்பெற்ற நகரம். அந்த நகரத்தை 1365இல் அரசவைப் புலவர் பிரபஞ்சா நாகரகிருதாகமம் என்ற நூலில் எழுதிவைத்தார். உயர்ந்து தடித்த செங்கல் மதில், வாயில்கள், திடல், காத்திருப்போர் கொட்டகைகள், யார் எங்கே உட்காரவேண்டும் என்ற முறை எல்லாம் அதில் வருகின்றன. நம்மைத் தொடும் செய்தியும் ஒன்று உண்டு. ஹயாம் வுரூக்கைப் புகழ்ந்து பாட்டுக் கட்டிய வெளிநாட்டார் இருவரைப் பிரபஞ்சா பெயர் சொல்லிக் குறிக்கிறார். ஒருவர் காஞ்சிபுரத்து பௌத்தத் துறவி புத்தாதித்யர். மற்றவர் முதலி சகிருதயர் என்ற அந்தணர். அந்தப் பெயரின் முற்பாதி தமிழ்க் காதுக்கு எப்படி ஒலிக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. காஞ்சியில் இருந்துகொண்டு ஜாவா மன்னனைப் பாடும் அளவுக்குக் கடல் அன்று குறுகலாக இருந்தது.

அந்த நூல் நமக்குக் கிடைத்த விதமும் ஓர் அரண்மனையின் அழிவுதான். 1894இல் டச்சுப் படை லொம்போக் தீவின் சக்ரநெகாரா அரண்மனையைத் தாக்கித் தரைமட்டமாக்கியது. படையோடு போன மொழியறிஞர் பிராண்டெஸ் அங்கிருந்த ஏடுகளைத் தீக்கு முன்னால் எடுத்துவைத்தார். அந்தக் கட்டில் இருந்தது நாகரகிருதாகமம். ஓர் அரண்மனை எரிந்தபோது இன்னோர் அரண்மனையின் விவரம் வெளியே வந்தது. ஓலை லைடன் போய், 1970களில் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது.

நூல் கையில் வந்தபோது நகரம் மண்ணுக்கடியில் இருந்தது. அதற்கு முன்பே, 1815இல், அப்போது ஜாவாவை ஆண்ட ஆங்கிலேய ஆளுநர் ராஃபில்ஸ் அனுப்பிய வார்டெனார் என்ற அதிகாரி தேக்குக் காட்டுக்குள் புகுந்து சிதைவுகளை வரைந்து வந்திருந்தார். 1914இல் வயலை அழித்த எலிகளைத் துரத்திக்கொண்டு போன ஊரார் ஒரு மேட்டைத் தோண்ட, உள்ளேயிருந்து செங்கல்லால் கட்டிய நீராடுதுறை வெளிப்பட்டது. அதற்கு இன்றும் எலிக்கோயில் என்றே பெயர்: சண்டி திக்குஸ். 1920களில் மக்லேன் பொன்ட் என்ற டச்சுக் கட்டடக் கலைஞர் அங்கேயே குடியிருந்து, பிரபஞ்சாவின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு நகரத்தைத் தேடினார். 1926இல் செகரான் குளம் தெரியவந்தது: 375 மீட்டர் நீளம், 175 மீட்டர் அகலம், நான்கு பக்கமும் செங்கல் கரை. விருந்து முடிந்ததும் பொன் தட்டுகளை இந்தக் குளத்தில் வீசி மன்னர் தம் செல்வத்தைக் காட்டுவார் என்று ஊரில் சொல்வார்கள். பஜாங் ராத்து வாயில் ஏறத்தாழ 16 மீட்டர் உயரத்தில் மெலிந்து நிற்கிறது. வ்ரிங்கின் லவாங் வாயில் நடுவே பிளந்ததுபோல் இரண்டு பாதியாக நிற்கிறது. அரண்மனை எங்கே என்றால், வயலுக்கடியில், வீட்டுக் கொல்லைக்கடியில், சூளைக்கடியில்.

சூளையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மஜபாகித் கொத்தர்கள் செங்கல்லுக்கு நடுவே சாந்து வைக்கவில்லை. ஒரு செங்கல்லின்மேல் தண்ணீர் விட்டு, இன்னொன்றை வைத்து, இரண்டையும் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். தேய்ந்த தூளே குழம்பாகி, காய்ந்ததும் இரண்டையும் கவ்விக்கொள்ளும். மூட்டு எங்கே என்று நகத்தால் தேடினாலும் அகப்படாது. பாலித் தீவில் கோயில் கட்டுபவர்கள் இன்றும் இப்படிச் செய்கிறார்கள். அவ்வளவு நல்ல செங்கல் வந்தது ட்ரொவுலானின் மண் அவ்வளவு நல்லது என்பதால். மண் இன்னும் நல்லதாகத்தான் இருக்கிறது. ஆகவே ட்ரொவுலானில் இன்றும் செங்கல் அறுக்கிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மேல்மண்ணை வழித்து, ஓராள் ஆழத்துக்கு வெட்டி, பிசைந்து, அச்சிலிட்டு, காயவைத்து, சூளை வைக்கிறார்கள். வெட்டும்போது மண்வெட்டி 'டக்'கென்று படும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் இதே ஊரார் அறுத்த செங்கல். சுவர், கிணற்று வளையம், வாய்க்கால், வீட்டுத் தளம். அடுத்த சூளைக்கு மண் வேண்டும். சுவர் வெளியே போகிறது. முன்பெல்லாம் பழைய செங்கல்லை இடித்துச் சலித்துச் சுர்க்கியாக்கிக் கட்டட வேலைக்கு விற்றார்கள். பேரரசின் தலைநகரை அதன் வாரிசுகளே இடித்து மாவாக்கியிருக்கிறார்கள்.

அவர்களைத் திட்டுவது எளிது. எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நாள்கூலிக்கு மண் வெட்டுபவர் முன்னால் பேரரசின் பெருமையைப் பேசுவதில் நியாயம் இல்லை. கோபம் வருவது வேறு இடத்தில். 2008இல் அரசாங்கமே மஜபாகித் பூங்கா என்ற திட்டத்துக்காக, மஜபாகித் தகவல் மையம் கட்ட, மஜபாகித் சுவர்களின்மேல் கான்கிரீட் தூணுக்குக் குழி தோண்டியது. அறிஞர்களும் செய்தித்தாள்களும் கத்திய பிறகு 2009 தொடக்கத்தில் வேலை நின்றது. அதற்குள் குழிகள் தோண்டியாகிவிட்டது. 2013இல் வ்ரிங்கின் லவாங் பக்கத்தில் இரும்பாலை வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊர்மக்கள் கூடித் தடுத்தார்கள். யார் மண் வெட்டுகிறார்களோ அதே ஊர்தான் எழுந்து நின்றது, இதை மறக்கக்கூடாது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் 92.6 சதுர கிலோமீட்டர் தேசியப் பாரம்பரியப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு சுற்றுலாவுக்காக ஊர் வீடுகளின் முகப்பில் மஜபாகித் பாணியில் செங்கல் வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் முகப்பில் போட்ட பணத்தில் ஒரு பங்கை, வயலுக்குக் கீழே இருக்கும் சுவரைத் தொடாமலிருக்க மண் வெட்டுபவருக்குக் கொடுத்திருந்தால் மஜபாகித்துக்கு அது அதிகம் உதவியிருக்கும் என்பது என் எண்ணம். மண்ணுக்கு விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கும்வரை, மண்ணை வெட்டாமலிருப்பதற்கும் யாராவது விலை கொடுத்தாக வேண்டும்.

மேற்கு முனையில் பந்தென். அங்கே கதை சுருக்கம், செய்தவர் பெயரும் தெளிவு. மிளகுக் காலத்தில் சீனரும் பாரசீகரும் குஜராத்தியரும் சோழமண்டலக் கரையிலிருந்து போன கெலிங் வணிகரும் கூடிய துறைமுகம் அது. கெலிங் என்ற பெயரில் நம்மவரும் அடக்கம். துறைமுகத் தலைவர் பதவியான ஷாபந்தராகவும் கெலிங்குகள் இருந்திருக்கிறார்கள். சுல்தானின் சுரொசோவான் அரண்மனை ஒருமுறை உள்நாட்டுப் போரில் எரிந்து, மறுபடி எழுந்தது. 1808இல் ஆளுநர் டாண்டெல்ஸ் உஜுங் கூலோனில் துறைமுகம் கட்ட ஆள் கேட்டார். காய்ச்சலில் ஆட்கள் செத்து விழுந்தார்கள், சுல்தான் மறுத்தார், வந்த தூதுவர் கொல்லப்பட்டார். நவம்பரில் படையோடு வந்த டாண்டெல்ஸ் அரண்மனையை நொறுக்கினார். கொத்தளங்களோடு கூடிய மதிலும், உள்ளே தரையும் நீர்த்தொட்டிகளும் இன்று எஞ்சியிருக்கின்றன. பக்கத்தில் கைபோன். 'இபு' என்றால் தாய். இளம் சுல்தானின் தாய்க்காகக் கட்டிய வீடு. 1832இல் டச்சு நிர்வாகம் அதைப் பெயர்த்து, கல்லையும் மரத்தையும் செராங்கில் தன் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனது. மதில் வாயில்கள் வரிசையாக நிற்கின்றன, பின்னால் வீடில்லாமல்.

யோக்யகர்த்தாவில் கெராத்தோன் இன்றும் உயிரோடு இருக்கிறது, சுல்தான் இருக்கிறார். ஆனால் அதுவும் சூறையாடப்பட்டதுதான். 1812 ஜூன் 20 அதிகாலை, ராஃபில்ஸ் அனுப்பிய ஆங்கிலேயப் படையும் இந்தியச் சிப்பாய்களும் மதிலேறிப் புகுந்தார்கள். சுல்தான் இரண்டாம் ஹமெங்குபுவனா பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டார். பொன் போனது, வெள்ளி போனது, நூலகம் முழுதும் போனது. அந்த ஏடுகளைப் பங்கிட்டுக்கொண்டவர்களில் ஒருவர் கர்னல் காலின் மெக்கன்சி. தமிழ்நாட்டில் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கைபீதுகளும் சுவடிகளும் திரட்டிய அதே மெக்கன்சி. 1811இல் படையெடுப்போடு தலைமைப் பொறியாளராக ஜாவாவுக்குப் போனவர். அவர் இங்கே திரட்டியவற்றில் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது; நாம் நன்றியோடு படிக்கிறோம். அங்கே எடுத்தவை லண்டனில் இருக்கின்றன. அண்மையில் 75 ஏடுகளின் மின்படிகளை யோக்யகர்த்தாவுக்குக் கொடுத்தார்கள். ஏடுகள் இன்னும் லண்டனில்தான். ஒரே மனிதரின் கை ஓரிடத்தில் சேர்த்ததாகவும் இன்னோரிடத்தில் பறித்ததாகவும் இருக்க முடிகிறது. மெக்கன்சியைப் பேசும் நம்மவர்கள் இந்த இரண்டாவது பாதியையும் சேர்த்துப் பேசவேண்டும்.

யோக்யகர்த்தா அரண்மனையின் நீர்த்தோட்டம் தமான் சாரி 1758இல் தொடங்கியது. 1812இல் சிதைந்து, 1867 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. வற்றிப்போன செயற்கை ஏரியின் படுகையில் மக்கள் குடியேறினார்கள். இடிந்த வளைவுக்குக் கீழே துணி காய்கிறது, சுரங்கப்பாதையின் வாயில் பதிக் துணி வரைபவர் உட்கார்ந்திருக்கிறார். அவர்களை அப்புறப்படுத்தினால்தான் சின்னம் காப்பாற்றப்படும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோத்தகெடேயில் திடல் இல்லாத திடலுக்கு அலுன்-அலுன் என்று நானூறு ஆண்டுகளாகப் பெயர் சொல்லி வருபவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான். அவர்கள் இல்லையென்றால் அரண்மனையின் வரைபடமே இருந்திராது. 2006 மே 27 நிலநடுக்கத்தில் அந்த ஊரின் பழைய மரவீடுகள் பல சாய்ந்தபோது, தூணைத் தூக்கி மீண்டும் கல்மேல் நிறுத்தியதும் அவர்கள்தான்.

கர்த்தசுராவுக்குத் திரும்புவோம். அரசர் எழுந்து போன அந்த அரண்மனையின் உள்மதிலுக்குள் இன்று இடுகாடு. சமாதிகளுக்கு நடுவே மரங்கள் அடர்ந்திருக்கின்றன. மதில் இரண்டு ஆள் உயரத்தில், ஒரு கட்டிலைக் குறுக்கே போடலாம் என்ற தடிமனில் ஓடுகிறது. ஓரிடத்தில் ஓட்டை. 1742இல் கலகப்படை உடைத்த ஓட்டை அது என்று காட்டுகிறார்கள். 280 ஆண்டுகளாக யாரும் அதை அடைக்கவில்லை. தோல்வியின் தழும்பை மூடாமல் வைத்திருக்கும் ஊர் மதிப்புக்குரியது.

அந்த ஊரில், 2022 ஏப்ரலில், வெளிமதிலின் ஒரு பகுதியை இயந்திரத்தை வைத்து இடித்துவிட்டார்கள். நிலம் தனியார் கைக்கு வந்திருந்தது. புதிதாக வாங்கியவர் இடத்தைச் சீர்படுத்தினார். அவ்வளவுதான். பாரம்பரியச் சின்னங்களைக் காக்க 2010இலேயே 11ஆம் எண் சட்டம் வந்துவிட்டது. வேண்டுமென்றே இடித்தால் சிறை உண்டு. படம் வெளியாகி நாடே கொதித்தது, அதிகாரிகள் வந்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். செங்கற்கள் குவியலாகக் கிடந்தன. சீனரும் மதுரா வீரரும் டச்சுக்காரரும் மாறி மாறிப் புகுந்த போரில் விழாத சுவர் ஒரு நிலப்பத்திரத்தால் விழுந்தது. இடித்தவர் ஒருவர்தானா? சுவர் அரண்மனையின் மதில் என்று ஊருக்கே தெரியும். அது கைமாறும்போது பதிவு செய்த அலுவலகத்துக்குத் தெரியவேண்டாமா? இடிபாடாக இருப்பதால் மதிப்பில்லை என்று பட்டியலில் பின்தள்ளிக்கொண்டே போனவர்களுக்குப் பங்கில்லையா? பொரோபுதூரில் ஒரு கல் பெயர்ந்தால் உலகம் பதறும். ஏனென்றால் அது கோயில், முழுதாக நிற்கிறது, படத்தில் அழகாக வருகிறது. அரண்மனை மதில் வீட்டுக் கொல்லைச் சுவர்போலவே இருக்கிறது. கண்ணுக்கு எடுப்பாக இல்லாததைக் காக்கத்தான் சட்டம் வேண்டும். எடுப்பாக இருப்பதை எல்லாரும் காப்பார்கள்.

செய்யவேண்டியது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. மதில் ஓடும் வழியெல்லாம், வீட்டுக்குள் ஓடினாலும் சரி, அளந்து குறித்து, நிலப்பத்திரத்திலேயே எழுதவேண்டும், வாங்குபவர் கையெழுத்துப் போடும் முன் தெரியும்படி. சுவரோடு வாழ்பவருக்கு வரிச்சலுகை கொடுக்கலாம். முடிந்த இடத்தை அரசு வாங்கலாம். ட்ரொவுலானில் சூளைக்கு வேறு மண் காட்டவேண்டும். புதிதாக அரண்மனை கட்டி வைத்து இதுதான் பழையது என்று காட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ப்ளெரெட்டும் கெர்த்தாவும். ப்ளெரெட்டின் ஏரி வயலாகிவிட்டது. ஓடிப்போன அரசரின் மதிலுக்குள் 1826 ஜூனில் இளவரசர் திப்பொநெகொரோவின் வீரர்கள் அரண் அமைத்து டச்சுக்காரரோடு போரிட்டார்கள். இன்று தொல்லியல் துறையினர் குழி வெட்டினால் ஓர் அடிச்சுவர், ஒரு மசூதியின் தளம் என்று துண்டு துண்டாக வருகிறது. கெர்த்தாவில் அதுவும் இல்லை. சுல்தான் அகுங்கின் பெருமண்டபம் நின்ற இடத்தில் உம்பாக் கற்கள் மட்டும் எஞ்சின.

அவற்றில் ஒன்று அங்கே இல்லை. 1970களின் தொடக்கத்தில் தமான் சாரி குடியிருப்பில் ஒரு சிறிய மசூதி கட்டினார்கள். சோகோ துங்கால், ஒற்றைத்தூண் என்று பெயர். ஜாவா வழக்கப்படி நான்கு நடுத்தூண் வைக்காமல், ஒரே தேக்குத்தூணை நடுவில் நிறுத்திக் கூரை முழுவதையும் அதன்மேல் ஏற்றினார்கள். அத்தனை பாரத்தைத் தாங்கும் கல் வேண்டியிருந்தது. கெர்த்தாவிலிருந்து சுல்தான் அகுங்கின் உம்பாக் ஒன்றைக் கொண்டுவந்து தூணுக்கு அடியில் வைத்தார்கள். கறுத்து, விளிம்பு மழுங்கிய கல். பக்கத்துச் சந்துகளிலிருந்து தொழுகைக்கு வருபவர்கள் அதைச் சுற்றி வரிசையாக உட்காருகிறார்கள்.